எடை குறைக்க வாரம் ஒரு ஊசி: நிறுத்தினால் என்ன ஆகும்?

45 வயதைத் தாண்டிய தாய்மார்கள் கவனிக்க!

சென்னை:- “வாரத்துக்கு ஒரே ஊசி. பசியே எடுக்காது. தொப்பை தானாக் கரைஞ்சிடும்!” - மின்சார ரெயிலிலும் கல்யாண மண்டபத்திலும் நடுத்தர வயதுப் பெண்களிடையே இதே பேச்சு அடிபடுகிறது.

பேச்சில் பொய் இல்லை. எடை குறையத்தான் செய்கிறது. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்பவர்கள் குறைவு. கையைக் கடிப்பது அங்கேதான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு இது. 2015-16 ஆய்வில் இது 31 பேர்தான்.

ஏன் 45-ல் சதை?

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதையொட்டி மாதவிலக்கு நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைகிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. தசையும் குறைவதால், அதே சாப்பாடு சாப்பிட்டாலும் உடம்பு போடுகிறது. தைராய்டு கோளாறும் காரணமாக இருக்கலாம்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு டாக்டர்கள் தரும் ஹார்மோன் மாத்திரை, உடல் சூடு, வியர்வை போன்ற தொல்லைகளுக்கு. எடை குறைக்க அல்ல.

திரும்பி வந்த 8 கிலோ!

2025 மார்ச்சில் ‘மவுஞ்சாரோ’, ஜூனில் ‘வெகோவி’ ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவை பசியை அடக்கும். இரைப்பை மெதுவாகக் காலியாகும்.

வெகோவியில் உள்ள செமகுளுடைட் மருந்தைப் போட்டவர்கள், 68 வாரத்தில் சராசரியாக 100-க்கு 15 பங்கு எடை குறைந்ததாக 2021-ல் வெளியான ஆய்வு கூறியது. 80 கிலோ இருந்தவருக்கு 12 கிலோ!

ஆனால் ஊசியை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தால், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதாவது 12-ல் 8 கிலோ. பழைய குருடி, கதவைத் திறடி!

ஆகவே இது நாலு நாள் காய்ச்சல் ஊசி அல்ல. ரத்தக் கொதிப்பு மாத்திரை போல நீண்ட கால வைத்தியம். மவுஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி விலை 3,500 ரூபாய். மாதம் நாலு ஊசிக்கு 14 ஆயிரம்! ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகை அது. செமகுளுடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதன்பின் பல கம்பெனிகள் தயாரிக்கலாம். விலை இறங்கலாம், போடவேண்டிய காலம் குறையாது.

யாருக்கு இந்த ஊசி?

155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் என்றால், சுமார் 72 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் 65 கிலோ. கல்யாணத்துக்கு ரவிக்கை பிடிக்கிறது என்பதற்காக 58 கிலோ பெண் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். பித்தப்பைக் கல், கணைய வீக்கமும் வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். எலும்பு தேயும் வயதில் இது ஆபத்து. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் குறையக்கூடாது. தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் வேண்டும்.

மாத்திரை, ஆபரேஷன்

‘ஆர்லிஸ்டாட்’ மாத்திரை, சாப்பிட்ட கொழுப்பில் 100-க்கு 30 பங்கை உடம்பில் சேரவிடாது. பஜ்ஜி, வடை தின்றுவிட்டு இதைப் போட்டால் கழிவறைக்கு ஓடவேண்டியதுதான்! எடை குறைவதும் கொஞ்சம்தான்.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன், மிகவும் பருத்தவர்களுக்கு, அதுவும் நோய் சேர்ந்தவர்களுக்கு. பலன் பெரிது, அதன்பின் வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரையும் பரிசோதனையும் உண்டு.

பெயர் தெரியாத பவுடர்களை நம்பவேகூடாது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் ‘சிபுட்ரமின்’ மாத்திரை 2011-ல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதே மருந்தைக் கலந்த ‘மூலிகை’ சரக்குகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

முதல் செலவு ஊசிக்கு அல்ல. தைராய்டு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு சோதனைக்கு. பிறகு டாக்டரிடம் மூன்றே கேள்வி: எத்தனை வருஷம் போடணும்? மாசம் எவ்வளவு ஆகும்? நிறுத்தும்போது என்ன ஏற்பாடு?

பதில் வீட்டு வரவு-செலவுக்கு ஒத்துவந்தால் மட்டும் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.