லட்சத்தீவின் கடல் யாருக்குச் சொந்தம்?

2024 ஜனவரியில் லட்சத்தீவுக்குச் சென்ற பிரதமர் மோடி, சுவாசக் குழாய் அணிந்து கடலில் நீந்தும் படங்களை வெளியிட்டு, சாகச விரும்பிகளை அங்கே அழைத்தார். உடனே தொலைக்காட்சிகள் மாலத்தீவுடன் போர் தொடுத்தன. தீவு மக்கள் என்ன கருதுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

36 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வசிப்பது 10 தீவுகளில். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினர்.

தீவுகளைச் சூழ்ந்த ஆழம் குறைந்த உட்கடல், பயணிக்கு நீர் விளையாட்டுத் திடல். மீனவருக்கோ அது உற்பத்திக் களம். அங்கே சூரை மீன் வலையால் அல்ல, தூண்டில் கழியால் பிடிக்கப்படுகிறது. அதற்கு உயிருள்ள இரைமீன் வேண்டும். பவளப்பாறைகளை அண்டி வாழும் அந்தச் சிறுமீன்கள் உட்கடலில்தான் கிடைக்கின்றன. பவளம் அழிந்தால் இரையில்லை; இரையில்லாவிட்டால் சூரையும் இல்லை, மாசியும் இல்லை. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் வெளுத்துப்போன பவளங்களின் மீது நங்கூரங்களையும் கழிவுநீரையும் சுமத்துவதற்குப் பெயர் வளர்ச்சியா? குடிநீரின் நிலையும் இதுவே. பவள மணலுக்கு அடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரே தீவுகளின் நிலத்தடி இருப்பு.

சுற்றுலா வேலை தரும் என்கிறது பாஜக. நிர்வாகி பிரபுல் கோடா படேலின் ஆட்சியில் 2021இல் நடந்தது என்ன? ஒப்பந்த, தற்காலிக ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். கடலோர விதிகளைக் காட்டி மீனவர்களின் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அதே ஆண்டில் மினிகாய், கடமத், சுஹேலி தீவுகளில் தனியார் மூலம் கடற்கரை வில்லாக்களும் நீர்மேல் வில்லாக்களும் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. வலை உலர்த்தும் ஓலைக் கொட்டகை விதிமீறல். நீரின் மேல் எழும் சொகுசு விடுதி முன்னேற்றம்! விதி யாருக்காக வளைகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எதிர்ப்பு எழும் என்பதை ஆட்சியாளர்கள் அறிந்தே இருந்தனர். அதனால்தான் நிலத்தைக் கையகப்படுத்த வளர்ச்சி ஆணைய வரைவும், விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்கும் வரைவும் கைகோர்த்து வந்தன. மாவட்டப் பஞ்சாயத்திடமிருந்து மீன்வளம், கல்வி, சுகாதாரம் உள்ளிட்ட துறைகள் பறிக்கப்பட்டன. 2021 மே 31 அன்று கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, தீவு மக்களுடன் நின்றது.

பயணிகள் வருவதை எவரும் எதிர்க்கவில்லை. எத்தனை பேர் வரலாம், எந்தக் கடற்பரப்பில் விளையாடலாம், வருமானம் யாருக்குச் சேரும் என்பவற்றை முடிவு செய்வது தீவு மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளாக இருக்க வேண்டும். பறிக்கப்பட்ட அதிகாரங்கள் பஞ்சாயத்துகளுக்குத் திரும்ப வேண்டும். நீதிபதி ரவீந்திரன் குழுவின் பரிந்துரைகள் வழிவகுத்த ஒருங்கிணைந்த தீவு மேலாண்மைத் திட்டத்தை மீறும் கட்டுமானங்கள் நிறுத்தப்பட வேண்டும்.

ஒரு நாள் நீந்திவிட்டுக் கரையேறுபவர்களுக்காக, தலைமுறைகளாக அந்தக் கடலில் உழைப்பவர்களை விரட்ட அனுமதிக்க முடியாது. லட்சத்தீவு மக்களின் போராட்டம் நாடு முழுவதும் உள்ள ஜனநாயக சக்திகளின் போராட்டமாகட்டும்!