தாளின் அளவும் செய்தியின் தரமும்

1989 ஏப்ரில் 15ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே, ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் ஏற்பட்ட நெரிசல் ஈற்றில் 97 உயிர்களைப் பலிகொண்டது.

நான்கு நாட்களின் பின், சிறுதாளான 'சன்' முதற்பக்கத் தலைப்பாக 'உண்மை' என்று பொறித்தது. லிவர்பூல் இரசிகர்கள் இறந்தோரின் சட்டைப்பைகளிற் களவாடினர் எனவும் பொலிசாரைத் தாக்கினர் எனவும் அதன்கீழ் எழுதிற்று. ஷெபீல்ட் செய்தி நிறுவனமொன்று பொலிசார் உள்ளிட்டோரிடம் கேட்டு அனுப்பிய இச்செய்தி வேறு பத்திரிகைகளுக்கும் கிடைத்தது. அவற்றுட் சில, 'பொலிசார் குற்றஞ்சாட்டுகின்றனர்' என்றே வெளியிட்டன. சொன்னவர் யாரென்பதையாவது வாசகன் அறிந்தான். 'சன்' குற்றச்சாட்டையே தீர்ப்பாக்கிற்று.

அதனாற் பெருந்தாள்கள் யாவும் குற்றமற்றவை எனலாமோ? எனலாகாது. பிந்தி வந்த இரசிகர்களே நெரிசலுக்குக் காரணம் என்ற பழியை 'யோர்க்ஷயர் போஸ்ட்' என்னும் பெருந்தாளும் சுமத்திற்று. தாளின் அளவோ நிலையானதன்று; 'ரைம்ஸ்' 2004இலும் 'கார்டியன்' 2018இலும் சிறுதாள்களாயின.

பொலிசாரின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என நீதியரசர் டெயிலர் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அறிக்கையிட்டார். இரசிகர்கள்மீது பழியில்லையென ஜூரிமார் முடிவுகூற 2016ஆம் ஆண்டாயிற்று. 'சன்' 2012இல் முதற்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. லிவர்பூல் மக்களுட் பலர் இன்றும் அதனை வாங்குவதில்லை.

பொறுப்புக்கூற வேண்டியவரே சாட்சியாய் நின்றால், அச்சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையின்றி எந்த நீதிமன்றமும் ஏற்காது. வாசகரும் ஏற்றலாகாது. சொன்னவர் யார், அவருக்கு அதில் என்ன நலன் என்று கேட்டபின்னரே நம்புதல் வேண்டும். தூற்றாத நெல்லை மூட்டை கட்டும் உழவன் எவனுமில்லை.