12 சதவிகித வட்டிக்கு 48,000 ரூபாய் தவணையா?

கேள்வி: பழைய டிராக்டர் வாங்க 3 லட்சம் கடன் கேட்டுள்ளேன். 12 சதவிகித வட்டி, 5 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 48,000 ரூபாய் தவணை என்கிறார் ஏஜென்ட். சரிதானா? மகனுக்குக் கணினி தெரியும்.
- வாசகர், மன்னார்குடி.

பதில்: கையெழுத்துப் போடும் முன்பே கேட்டீர்கள், நல்லது. மகனை எக்செல் திறந்து நிலுவை, தவணை, வட்டி, அசல், மீதி என்று 5 பத்திகள் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 12 என்றால் அரையாண்டுக்கு 6 சதவிகிதம். 'பி.எம்.டி.' சூத்திரத்தில் 6 சதவிகிதம், 10 தவணை, 3 லட்சம் என்று கொடுத்தால் தவணை 40,760 ரூபாய் வரும். முதல் தவணையில் வட்டி 18,000 போக, 22,760 அசலில் கழியும். மீதி 2,77,240. அடுத்த வரியில் இதுதான் நிலுவை. அதற்கு வட்டி 16,634 மட்டுமே. இப்படியே கீழே இழுத்தால் 10-வது வரியில் மீதி பூஜ்யமாகும். சில ரூபாய் முன்னே பின்னே வரலாம்.

அப்படியானால் 48,000 எங்கிருந்து வந்தது? நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டியைக் குறைக்காமல், 5 ஆண்டுக்கும் முழு 3 லட்சத்துக்கே வட்டி போட்டிருக்கிறார்கள். இதற்கு 'ஃப்ளாட் ரேட்' என்று பெயர். உண்மையான வட்டி 19 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. மொத்தத்தில் 72,400 ரூபாய் கூடுதல். ஒரு கறவை மாட்டின் விலை!

தனிநபர் தவணைக் கடன்களுக்கு, உண்மையான ஆண்டு வட்டியும் தவணை அட்டவணையும் அடங்கிய 'முக்கிய விவர அறிக்கை'யைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொருந்தும். அதைக் கேட்டு வாங்கி, மகன் போட்ட அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.