வீடே பள்ளிக்கூடமாம்! யாருடைய வீடு?



சென்ற வாரம் கோவையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஒரு துண்டுப் பிரசுரம் என் கைக்கு வந்தது. வழவழப்பான காகிதம், நான்கு வர்ண அச்சு. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் குழந்தைகளுக்கு வாரம் மூன்று நாள் வகுப்பு நடத்துகிறார்களாம். பாடங்கள் மூன்று: வாசிப்பு, பிழையில்லாமல் எழுதுவது, பூகோளம். ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். கட்டணத்தைப் படித்ததும், நம் ஆலையில் பதிலி வேலை பார்க்கும் ஒரு தோழருக்கு அது எத்தனை ஷிப்டுக் கூலி என்று மனக்கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

பிரசுரத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: பள்ளிக்கூடம் பழைய காலத்துச் சிறை, வீடே சிறந்த பள்ளி.

பணம் படைத்த கனவான்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பங்களாவுக்குள் நடப்பது பங்களாவுக்குள்ளேயே நின்றிருந்தால் இதை எழுத நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். ஆனால் இந்த வாசகம் மதில் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. பஞ்சாலைக்குப் பெண் பிள்ளைகளைத் திரட்டும் புரோக்கர் ஒருவன், கிராமத்து டீக்கடையில் ஒரு விவசாயத் தொழிலாளியிடம் பேசியதை நானே காதால் கேட்டேன். "பெரிய வீட்டுப் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை அண்ணே. உங்கள் மகள் எட்டாவதோடு நின்றால் என்ன குடி முழுகிவிடும்? மில்லுக்கு அனுப்புங்கள். ஹாஸ்டலில் இருந்துகொண்டே தபாலில் படித்துக்கொள்ளட்டும்" என்றான்.

பார்த்தீர்களா, பங்களாவில் கிளம்பிய வாசகம் டீக்கடைக்கு வந்ததும் என்ன வேலை செய்கிறது என்று!

முதலில் அந்தப் பிரசுரக்காரர்களையே ஒரு கேள்வி கேட்கிறோம். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் தேடிப் போவது என்ன? ஒரு வாத்தியார், ஒரு கரும்பலகை, சுழற்றிப் பார்க்க ஒரு பூகோள உருண்டை, கூடப் படிக்க எட்டுப் பிள்ளைகள், குறித்த நாளில் குறித்த மணிக்கு வகுப்பு. ஐயா, இதற்குத் தமிழில் பள்ளிக்கூடம் என்றுதான் பெயர்! சேரிப் பிள்ளையும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் பக்கத்தில் உட்காராத பள்ளிக்கூடம், அவ்வளவுதான் வித்தியாசம். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடம் என்று நம் நாட்டில் இருந்ததே, அதுவும் வீட்டில் நடந்த பள்ளிதான். அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஏறி உட்கார முடிந்ததா? முடியாததால்தானே 1894இல் சென்னையில் ஆல்காட் பஞ்சமருக்கென்று தனியாக இலவசப் பள்ளி திறக்க வேண்டி வந்தது?

வீட்டில் படிப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் படித்துப் பார்த்துவிட்டார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதம்! இந்தத் தேசத்திலேயே பெரிய வீட்டுப்பள்ளி அதுதான். எப்படி நடந்தது அந்தப் பள்ளி? லைன் வீட்டில் ஒரே அறை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த தகப்பன் பகலில் தூங்க வேண்டும், பிள்ளை சத்தம் போட்டு வாசிக்கக் கூடாது. இருந்த ஒரே கைப்பேசி தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். தாய் நடவுக்குப் போனால் சாயங்காலம் நான்கு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் எப்போது உயிரெழுத்துச் சொல்லிக் கொடுப்பாள்? முதலில் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை நான்காம் வகுப்பில் திரும்பி வந்து, தன் பெயரை எழுதத் தெரியாமல் விழித்ததை நாம் கண்டோம். பல பையன்கள் திரும்பி வரவே இல்லை. பட்டறையிலும் ஓட்டலிலும் எச்சில் தட்டுக் கழுவும் இடத்திலும் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று மாநில சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. மாலை வேளையில் தெருவுக்குத் தெரு வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நம் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1000 ரூபாய். அந்தச் சகோதரிகளின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தொகையைச் சம்பளம் என்று சொல்ல எந்தத் தொழிற்சங்கக்காரனுக்கு நாக்கு வரும்? மேலும் அது பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடந்த வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குத் துணையாக வருவது ஒன்று, பள்ளிக்கூடத்தின் இடத்தில் வந்து உட்காருவது வேறொன்று.

வீட்டையே பள்ளியாக்கும் யோசனை இந்த மாகாணத்துக்குப் புதிதும் இல்லை. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பையன் தகப்பனிடம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும், பெண் பிள்ளை தாயிடம் வீட்டு வேலையைக் கற்க வேண்டும் என்றார். வண்ணான் மகன் வெளுக்கட்டும், பண்ணையாள் மகன் மாடு மேய்க்கட்டும்! ஜனங்கள் அதற்குக் குலக் கல்வித் திட்டம் என்று சரியாகவே பெயர் வைத்தார்கள். திராவிட இயக்கத்தார், கம்யூனிஸ்டுகள், காங்கிரசுக்குள்ளேயே பலர் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அந்தத் திட்டம் குப்பைக்குப் போயிற்று. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: பட்டணத்துப் பள்ளிகளுக்கு அந்தத் திட்டம் கிடையாது!

இப்போது சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தோழர்களே. விஷமே இங்கேதான் இருக்கிறது.

6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நல்லது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, மறு கையால் ஒரு ஓட்டை போட்டார்கள். அபாயமில்லாத தொழிலாக இருந்தால், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்பத் தொழிலுக்கு உதவலாமாம்.

பள்ளி நேரத்துக்குப் பிறகு! அந்த மூன்று சொல்தான் இன்று நம் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் வேலி. பகல் பதினோரு மணிக்கு ஒரு கைத்தறி வீட்டில் பத்து வயதுச் சிறுமி தார் சுற்றிக்கொண்டிருந்தால், உள்ளே நுழையும் அதிகாரி, "இவள் ஏன் பள்ளியில் இல்லை?" என்று கேட்க முடியும். நாளைக்கு வீடே பள்ளி என்று ஏற்றுக்கொண்டுவிட்டால்? "ஐயா, இவள் வீட்டுப்பள்ளி மாணவி. இன்றையப் பாடம் காலை எட்டரைக்கே முடிந்துவிட்டது" என்று பதில் வரும். அதிகாரி என்ன செய்வார்? டீ குடித்துவிட்டுப் போவார். மணி அடிக்காத பள்ளிக்குப் பள்ளி நேரம் ஏது? பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சுதந்திரமாகத் தெரியும் அதே வாசகம், ஏழைப் பிள்ளையிடம் வரும்போது அந்த வேலியைப் பிடுங்கிவிடுகிறது.

இதோடு 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையையும் சேர்த்துப் பாருங்கள். திறந்தநிலைப் பள்ளி வழியாக 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு ஈடான படிப்பை நடத்தச் சொல்கிறது. வாழ்க்கையில் படிப்பைத் தவறவிட்ட பெரியவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் தேர்வு எழுதுவதை நாம் வரவேற்கிறோம். நம் சங்கத்திலேயே அப்படிப் பத்தாவது முடித்த தோழர்கள் உண்டு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு வாத்தியார் இல்லாத மூன்றாம் வகுப்பு?

எல்லா வீட்டுக் கல்வியும் பித்தலாட்டம் என்று நாம் சொல்லவில்லை. எழுந்து நடக்க முடியாத, கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க 2012இல் சட்டத்தில் இடம் செய்தார்கள். அங்கே சர்க்கார் வீடு தேடி வாத்தியாரை அனுப்பியே தீர வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கேட்பது நம் கடமை. பிரம்படிக்கும் மனப்பாடத்துக்கும் பயந்து சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் கூரை ஒழுகினால் கூரையை மாற்ற வேண்டும், குடியிருப்பவனைத் தெருவுக்கு அனுப்பக் கூடாது.

பிரசுரத்தில் கண்ட அந்த மூன்று பாடங்களும் சாமானியமானவை அல்ல. அவற்றின் அருமை அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தெரியும். ரிங் பிரேமில் சைடராக 31 வருஷம் உழைத்த ஒரு தோழர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே காலம் தள்ளினார். ஓய்வு பெற்ற பிறகு பார்த்தால் ஆலை ரிஜிஸ்தரில் அவர் பெயரில் ஒரு இங்கிலீஷ் எழுத்து கூடுதல். ஆதார் அட்டையில் அது இல்லை. அந்த ஒரு எழுத்துக்காக, தன் சொந்த சேமநிதிப் பணத்துக்கு ஏழு மாதம் நடையாய் நடந்தார். இன்னொரு சமயம் ஓர் இளைஞர் எழுதிய மனுவில் 'பணி நீக்கம்' என்பது 'பனி நீக்கம்' என்று விழுந்துவிட்டது. நான் சரி பார்க்காமல் கொடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது. அந்த அதிகாரி படித்துவிட்டு, "வெயில் ஏறினால் தானே நீங்கிவிடுமே, எதற்கு மனு?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை போன மூன்று பேர் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

பூகோளமும் அப்படித்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் சுமார் மூன்று நாளில் கல்லணைக்கு வருகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த கடைமடைக் கூலி விவசாயியின் மகன், எந்த ஷட்டரில் தண்ணீர் நிற்கிறது என்று விரல் வைத்துக் கேட்பான். பொதிகை மலையடிவாரத்துச் சிறுமிக்குத் திருப்பூர் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தால், "பக்கத்தில்தான் மில்" என்று புரோக்கர் சொன்னதும், "இருநூறு மைல் பக்கமா?" என்று கேட்டிருப்பாள்.

இந்தப் பாடங்களை எட்டுப் பேர் வகுப்பில் நல்ல வாத்தியாரிடம் படிப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்று அந்தக் கனவான்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சந்தோஷம். நாம் எட்டுகூடக் கேட்கவில்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு வாத்தியார், அதாவது 30 பேருக்கு ஒருவர் என்று 2009 சட்டமே சொல்கிறது. பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டம் ஷிப்டு நேரத்தில் வைத்தால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். வைக்காமலே மினிட் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள்.

அந்தப் பிரசுரத்தை நான் கிழித்துப் போடவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. எங்கள் பகுதிப் பள்ளியில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடத்தை நிரப்பக் கோரும் மனுவை அதில்தான் முதலில் எழுதிப் பார்த்தோம். கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் ஒரு தோழியர் அதை உரக்க வாசித்தார். 'பணியிடம்' என்ற சொல்லுக்கு மூன்று சுழி ண போட்டிருக்கிறதா என்று இந்தத் தடவை நானே சரி பார்த்தேன். பிறகு நல்ல தாளில் படி எடுத்து, 43 பேர் கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கிராம சபையில் கொடுத்துவிட்டு வந்தோம்.