பெயரற்ற அரிசி

2023-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி இந்திய சர்க்கார் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தனர். செய்தி எட்டிய மாத்திரத்தில் அமெரிக்காவிலுள்ள நம்மவர் இந்திய மளிகைக் கடைகளில் திரண்டு சோனா மசூரிப் பைகளை வாரிச் சென்றனர். குடும்பத்துக்கு ஒரு பைதான் என்று சில கடைக்காரர் வரையறுக்க நேர்ந்தது. இதைப் பேராசையென்று நகைத்தவர் உண்டு. நாம் நகையோம். பகலெல்லாம் ரொட்டி தின்று ஜீவிப்பவனுக்கும் இரவில் ஒரு பிடி ரசஞ்சாதம் வேண்டியிருக்கிறது.

விலை ஏறுங்கால் உள்நாட்டு ஏழைகளின் வயிற்றை முதலிற் கவனிப்பது சர்க்காரின் கடமையே. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் ஏழை வாங்கும் மலிவரிசியைக் காக்க, விலை மிகுந்த ரகங்களையும் துறைமுகத்தில் நிறுத்துவானேன்? காரணம் வெகு அற்பமானது. அன்றைய சுங்க அட்டவணையில் வெள்ளை அரிசிகளுள் பாஸ்மதிக்குத் தனிப் பெயர் இருந்தது. சோனா மசூரியும் பொன்னிப் பச்சரிசியும் ‘இதரவை’ என்னும் தலைப்பில் அடைபட்டன. தென்னாட்டார் சோறு டில்லிக் குமாஸ்தாவின் ஏட்டில் பெயரற்றுக் கிடந்தது!

அயல் சர்க்கார் ஏதேனும் தன் ஜனங்களின் உணவுக்கென வேண்டினால் அனுமதி தரலாமென்றும் உத்தரவில் இடம் வைத்திருந்தனர். நியூஜெர்ஸியில் குடியேறிய தமிழனுக்காக வேண்டுவார் யார்?

தடை 2024 செப்டம்பர் 28-ல் நீங்கிற்று. மறுமுறை விலை ஏறுமுன் இவ்வரிசிகளைத் தனியே பிரித்தறிய சர்க்கார் வழி செய்தல் வேண்டும்.