பயன்படாத ஒரு விசை

இவ்வாண்டு பேரவையின் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மடிக்கணினியில் முதல் பத்தியைத் தமிழில் தட்டினேன். இடையிடையே மலாய்ப் படிவங்களின் பெயர்களும் ஆங்கிலச் சொற்களும் வந்தன. ஒவ்வொரு முறையும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி மொழியை மாற்ற வேண்டும். மறந்து தட்டினால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான். அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். மூன்றாம் பத்தியில் பார்த்தால், என்னையறியாமலேயே முழுவதையும் மலாயில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். தமிழ் வராமல் இல்லை, கை சலித்துவிட்டது.

இளைஞர்கள் கணினியில் தமிழ் எழுதாததற்குப் பற்றின்மையே காரணம் என்று மேடைதோறும் கேட்கிறோம். அது ஓரளவு உண்மைதான். ஆனால், பற்றுள்ளவரையும் சோர்வடையச் செய்யும் சிறு தடைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்றை நாமே நீக்கலாம்.

விசைப்பலகையின் இடப்பக்கம், சுண்டுவிரல் எளிதில் எட்டும் இடத்தில் கேப்ஸ் லாக் விசை இருக்கிறது. பெரிய எழுத்துகளைத் தொடர்ந்து தட்டுவதே அதன் வேலை. தமிழிலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் முதலெழுத்துக்கு ஷிப்ட் போதும். எனவே கேப்ஸ் லாக்கை மொழி மாற்றும் விசையாக்குவோம் என்பதே என் கருத்து. ஷிப்டில் மட்டும் கை வைக்கக்கூடாது. அஞ்சல் முறையில் ல-ள, ன-ண வேறுபாட்டுக்கும், தமிழ்99 முறையில் கிரந்த எழுத்துகளுக்கும் அது வேண்டும்.

மெக் கணினியில் இதற்கான தெரிவு விசைப்பலகை அமைப்புகளிலேயே உண்டு. கேப்ஸ் லாக்கை நீண்ட நேரம் அழுத்தினால் அதன் பழைய வேலையும் நடக்கும். விண்டோஸில், மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் பவர்டாய்ஸ் மென்பொருளைக் கொண்டு, விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்து செய்யும் வேலையைக் கேப்ஸ் லாக்கிடமே ஒப்படைக்கலாம்.

பிறரும் பயன்படுத்தும் கணினியில் இது குழப்பம் தராதா என்று கேட்கலாம். தரும். ஆகவே ஆய்வுக்கூடக் கணினிகளை விட்டுவிடுவோம். சொந்தக் கணினியில் செய்வோம். பேரவைக் கணினியில் விசையின் மேல் 'மொழி' என்று ஒரு சிறு தாளை ஒட்டுவோம்.

ஒரு விசையை மாற்றுவதால் தமிழ் வாழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தின் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழிலேயே எழுதி முடித்தேன். அதற்கு ஐந்து நிமிடச் செலவு அதிகமில்லையே, நண்பர்களே!