பொது அலையும் பூட்டிய குரலும்

அமெச்சூர் வானொலிக் கழகங்கள் தம் மறுபரப்பி நிலையங்களை இலக்கமுறைக்கு மாற்றுதல் வேண்டுமென்னும் கோரிக்கை இன்று வலுப்பெற்று வருகின்றது. கைக்கருவியின் மெலிந்த அலையை ஏற்று, வலுவூட்டி, உயர்ந்த இடத்திலிருந்து மீளப் பரப்புவதே மறுபரப்பி. அதிற் பழைய மீடிறன் பண்பேற்ற முறை காலங்கடந்ததென்பர் மாற்றங் கோருவோர்.

அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. டி.எம்.ஆர். எனும் ஐரோப்பிய நியமம் 12.5 கிலோஹேட்ஸ் அகலத்தில் இரு உரையாடல்களை ஒருங்கே செலுத்துகின்றது. இணைய வழியே கொழும்பிலுள்ளார் டொரொன்டோவிலுள்ளாரோடு அளவளாவவும் இயலும். ஆயின், இவற்றுக்கு ஈடாக இழக்கப்படுவது யாது?

முதலாவது, பொதுமை. ஜப்பானிய அமெச்சூர் சங்கத்தின் டி-ஸ்டார், ஐரோப்பாவின் டி.எம்.ஆர்., யேசு கம்பனியின் சிஸ்டம் பியூஷன் ஆகிய மூன்றும் ஒன்றன் மொழியை மற்றொன்று நேரே அறியா. ஒன்றைத் தெரிந்தால் ஏனையோர்க்குக் கதவடைப்பே. கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில், புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்று மலிவான கைக்கருவியொன்றை வாங்கிய மாணவனே முதலில் வெளியே நிற்பான். மாடிக் கட்டடங்களிடையே அலை நலியும்பொழுது பழைய முறையிற் குரல் இரைச்சலோடேனும் செவிக்கு எட்டும். இலக்கமுறையிலோ ஓர் எல்லைவரை தெளிவாயிருந்து, அதன்பின் சிதைந்து அறுந்துவிடும்.

இரண்டாவது, கல்வி. இம்முறைகளிற் குரலைச் சுருக்குவதற்கு அமெச்சூர்கள் பயன்படுத்துவது அமெரிக்கக் கம்பனியொன்றின் தனியுரிமைச் செயன்முறை. அது கற்போர் பிரித்தறிதற்கென வெளியிடப்பட்டதன்று. கருவியின் உள்ளியக்கத்தை அறிந்து, தாமே ஆக்கிப் பார்ப்பதற்கன்றோ அமெச்சூர்க்கு அலைவரிசை வழங்கப்பட்டது? ஆஸ்திரேலியரான டேவிட் ரோவ் ஆக்கிய கோடெக் 2 யாவர்க்கும் திறந்து கிடக்க, அதன்மீது எம்17 எனும் முறையும் எழுந்திருக்க, பூட்டிய பெட்டியை விலைகொடுத்து வாங்குவானேன்?

மூன்றாவது, இடர்க்காலம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கித் தொலைத்தொடர்பு குலைந்தபொழுது, அம்பாந்தோட்டையிலிருந்து இலங்கை அமெச்சூர்கள் சிற்றலை வழியே கொழும்புக்குச் செய்தி அனுப்பினர். அன்று துணைநின்றவை எளிய கருவியும் பயின்ற கையுமே. இணையத்தை நம்பிய இணைப்பு, இணையம் வீழுங்கால் தானும் வீழும்.

புதுமையை வெறுத்தல் இவ்வாதத்தின் நோக்கமன்று. பொருள்வளமுள்ள கழகம் இலக்கமுறை நிலையமொன்றைத் தனியே நிறுவுக. அதுவும் திறந்த முறையாயின் நன்று. ஆயின், எவர் கைக்கருவிக்கும் செவிசாய்க்கும் பொது நிலையத்தை அதன்பொருட்டு அணைத்தல் தகாது. புதிய முறைக்கு வாக்களிக்குமுன், அதனால் எத்தனை உறுப்பினர் குரலிழப்பர் என்பதைக் கழகங்கள் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.